டேம்பர் மாற்றிய வண்டி

போன மாதம் அத்தை இறந்தபோது உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நம் வயதுக்காரர்கள் நடுவிலிருந்து, "வண்டியைக் கவுத்துப் புருசனைக் கொன்ன பொம்பளை இதுதானே" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சின்ன வயதில் நம் எல்லாருக்கும் சொல்லப்பட்ட கதை அதுதான். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே நான் எதுவும் பேசவில்லை. இப்போது சொல்கிறேன். இதில் பாதி நானே கண்ணால் பார்த்தது. மீதி ரொம்பப் பிந்தித் தெரியவந்தது.

தம்பி பிறந்த வருசம் அது. எனக்குப் பதினோரு வயது. பிறந்த பிள்ளைக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அம்மா அவனோடு அங்கேயே இருந்தாள். அப்பா மதுரைக்கும் காரைக்குடிக்குமாக பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தார். என்னைக் கீழச்சிவல்பட்டியில் அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. நான் போய் இறங்கிய அன்று மாமா எனக்கென்று ஒரு பெரிய சில்வர் தட்டை எடுத்து வைத்து, இது இனிமேல் உனக்கு மட்டும் என்றார். அந்தத் தட்டு நிறைய அத்தை சோறு போட்டாள். வீட்டை நினைத்து எனக்கு ஏக்கம் வந்ததாக நினைவே இல்லை.

காரைக்குடியில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை இருந்தது. தாத்தா ஆரம்பித்தது. அப்பாவுக்கும் அத்தைக்கும் பொதுவானது. அப்பா கடையில் உட்கார்ந்து கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஆர்டர் பிடிப்பார். அண்டா, குண்டான், சருவம், ஜல்லிக்கரண்டி, பந்திப் பாய் எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்குவதும் ஏற்றி வருவதும் மாமாவின் வேலை. அதற்கென்று ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார்கள். முன்பக்கம் ஜீப் மாதிரி இருக்கும், பின்னால் திறந்த பெட்டி. ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்திருக்க வேண்டும். பாத்திரங்கள் உரசி உரசிப் பெட்டியின் உள்பக்கம் வெறும் தகரமாகப் பளபளத்தது. அந்த வண்டிக்கென்று ஒரு வாசனை உண்டு. டீசலும், கழுவிய பிறகும் போகாத கடலை எண்ணெயும், சாக்கும் கலந்த வாசனை. இப்போது கூடக் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டைக் கடந்து போகும்போது சில நேரம் அதில் கொஞ்சம் வந்து மூக்கில் ஏறும்.

நான் அங்கே போவதற்கு முந்தின வருசம் வலையபட்டியில் ஒரு கல்யாணத்தில் அண்டாவைத் தூக்கும்போது மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவே இல்லை. இடது கால் மரத்துப்போய், கிளட்ச்சை மிதித்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியாமல் போனது. டிரைவர் வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் வரவில்லை. இன்னொருத்தர் குடித்துவிட்டு வந்தார். கடைசியில் அத்தை நான் ஓட்டுகிறேன் என்றாள். தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கி மாமாதான் சொல்லிக்கொடுத்தார். லைசென்சும் எடுத்தாள். அதை ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்கு லைசென்சே இல்லை என்று பிற்காலத்தில் பலபேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருந்தது. போட்டோவில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, யாரோ அதட்டியது போன்ற முகத்தோடு இருப்பாள்.

சனி, ஞாயிறுகளில் என்னையும் கூட்டிப் போவார்கள். நடுவில் நான். இரண்டு முழங்காலுக்கும் இடையில் கியர் கம்பி. மாமாவின் முதுகுக்குப் பின்னால் அத்தை பழைய சேலையில் தைத்த இலவம்பஞ்சுத் திண்டு. அந்தத் திண்டில் ஒரு பக்கம் மயில் கழுத்து நிறத்துக் கரை இருந்தது. மாமா மடியில் வறுத்த கடலை இருக்கும். தோலை ஊதிவிட்டு ஒவ்வொன்றாக எனக்குக் கொடுப்பார். நடுநடுவே என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அத்தையின் வாயில் போடுவார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் வாயை மட்டும் திறப்பாள். என் அப்பாவும் அம்மாவும் ஒருத்தரையொருத்தர் தொட்டு நான் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கை என் தலையைக் கடந்து போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கானாடுகாத்தானுக்குள் நுழைந்தால் வண்டிச் சத்தம் மாறிவிடும். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் உயரமான வீடுகள். அந்த நீளத் தெருவில் பாத்திரங்கள் குலுங்கும் சத்தம் சுவரில் மோதி நமக்கே திரும்பி வரும். கல்யாணத்துக்கென்று திறந்த ஒரு வீட்டு வாசலில் ஒருமுறை நாங்கள் நிறுத்தியபோது, அந்த வீட்டு ஆச்சி ஸ்டீயரிங்கில் இருந்து அத்தை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணம் மனகோலப் பலகாரத்தோடு திரும்பி வந்து, நீயா ஓட்டி வந்தாய், கை வலிக்கவில்லையா என்று விசாரித்தார். பழகிப்போச்சு ஆச்சி என்று அத்தை சொன்னாள். அன்றைக்கு வீடு திரும்பும் வரை அவள் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை.

எல்லாரும் அந்த ஆச்சி மாதிரி இல்லை. டீக்கடைப் பக்கம் வண்டி வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து ஓரமாக நிற்பார்கள், வேண்டுமென்றே. இடித்துவிடுவாளாம். ஒன்றும் கேட்காதவள் போல அத்தை கடந்து போவாள்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ரோடெல்லாம் குழியானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலிப் பாத்திரங்களோடு திருப்பத்தூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். முன்சக்கரம் சின்னக் குழி ஒன்றில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். ஸ்டீயரிங் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. லேசான ஆட்டம் இல்லை. மாட்டின் கொம்பைப் பிடித்தவன் கை போல அத்தையின் கைகள் தோள் வரைக்கும் அடித்துக்கொண்டன. முழு வண்டியும் உதறியது. பின்னால் அத்தனை பாத்திரமும் ஒன்றின் மேல் ஒன்று மோதி, காது அடைத்துப்போனது. அத்தை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வேகம் குறையக் குறைய ஆட்டம் தானாக நின்றது. ஓரமாக நிறுத்தினோம். மாமா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைத் தடவுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வாரமே இன்னும் இரண்டு முறை அப்படி ஆனது. அத்தை அப்பாவிடம் சொன்னாள். மதுரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் அப்பா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தம்பிக்கு அந்த வாரம் ரொம்ப மோசம். ஸ்டீயரிங்கை அழுத்தமாகப் பிடித்தால் ஏன் ஆடப்போகிறது என்று கேட்டார். மணிக்கட்டில் தெம்பு வேண்டும், அதற்குத்தான் ஆம்பளை ஓட்டுவது என்றார். மாமா குறுக்கே பேசினார். அவர் மச்சானிடம் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன். வண்டிக்குள் இருந்த எனக்கும் தெரியும், இது கை விசயம் இல்லை, வண்டியில்தான் கோளாறு, பார்க்காமல் இனி எடுக்க மாட்டோம் என்றார். கார்த்திகைக் கல்யாணங்களுக்கு ஆர்டர் வாங்கியிருந்த அப்பா இறங்கி வந்தார். சனிக்கிழமை காலையில் எல்லாருமாகக் காரைக்குடிக்குப் போனோம். வழியெல்லாம் அத்தை மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினாள்.

ரயிலடிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் மெக்கானிக் பாயின் பட்டறை இருந்தது. அவர் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளை முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் படுத்தார். எனக்கு வேடிக்கை பார்க்கப் பிடித்தது. நானும் தரையில் கன்னத்தை வைத்துக் குனிந்து பார்த்தேன். இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற நீளமான கம்பி ஒன்று குறுக்கே போனது. அதில் ஒரு முனையும் அச்சில் ஒரு முனையுமாகப் பொருத்திய கறுப்புக் குழாய் ஒன்றை அவர் காட்டினார். சைக்கிள் பம்பு போலத்தான் இருந்தது. இதற்குப் பெயர் டேம்பர், உள்ளே எண்ணெய் இருக்கும், பள்ளத்தில் விழுந்து சக்கரம் உதறினால் அந்த உதறலை இது வாங்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் வரை விடாது என்று சொன்னார். எங்கள் வண்டி டேம்பரின் உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்தது.

கழற்றுவது லேசில் நடக்கவில்லை. நட்டு துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள். நட்டில் மாட்டியிருந்த பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைத் திருகி எடுத்து, பிறகு சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டி ஒரு வழியாக அது கையோடு வந்தது. அதை என்னிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார் மெக்கானிக். ஒரு கையால் அழுத்தினேன், சர்ரென்று உள்ளே போய்விட்டது. அதற்குள் அப்பா கடைக்குப் போய் வாங்கி வந்திருந்த புது டேம்பரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தரையில் ஊன்றி, மேலே நான் ஏறித் தொங்கிய பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கையை எடுத்ததும் மெல்ல, யாரும் அவசரப்படுத்த முடியாதது போல, மேலே ஏறி வந்தது. அத்தையும் அழுத்திப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் சிரிப்பாக வந்தது.

புதியதை மாட்டி முடித்த பிறகு, அப்பா எங்களைக் கலர் குடிக்க எதிர்க் கடைக்கு அனுப்பினார். மாமாவால் நடக்க முடியாததால் பட்டறைப் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். எதிர்க் கடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கி நிறுத்தியிருந்த முன்சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாகப் பிடித்து, மெக்கானிக் முன்னும் பின்னும் ஆட்டினார். ரோட்டைத் தாண்டி எனக்கே கேட்டது, டொக் டொக் என்று. அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். மெக்கானிக் மறுபடி ஆட்டிக் காட்டினார். அப்பா எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் தோளில் தட்டினார். அத்தை அப்போது கடைக்காரரிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை. பார்த்த எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்லாம் சரியாப் போச்சு, இனிப் பயமில்லாமல் ஓட்டு என்றார் அப்பா. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உண்மையிலேயே ஆட்டம் நின்றுபோயிருந்தது. அத்தை வேண்டுமென்றே குழியில் விட்டுப் பார்த்தாள். ஸ்டீயரிங் கல் மாதிரி நின்றது. ஊர் வந்து சேரும் வரை பாடிக்கொண்டே ஓட்டினாள். குரல் ஒன்றும் நன்றாக இருக்காது. மாமா தாளம் போட்டார்.

கார்த்திகை பிறந்தது. வாரத்துக்கு நாலு கல்யாணம். அத்தைக்கு உட்கார நேரமில்லை. ஒருநாள் கடையில் சாமான் ஏற்றும்போது அவள் அப்பாவிடம் போய், ஆட்டம் இல்லை அண்ணே, ஆனால் திருப்பத்தில் காலடியில் ஏதோ தட்டுகிறது, பாய்கிட்ட இன்னொரு தடவை காட்டுவோமா என்று கேட்டாள். நான் பக்கத்தில் கரண்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புதுசு மாட்டியாச்சு. இன்னமும் உனக்குக் கை நடுங்குச்சுன்னா வண்டி என்னத்தா செய்யும்?"

கடையில் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அத்தை தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள். அந்தத் தட்டும் சத்தத்தைப் பற்றி அவள் மறுபடி யாரிடமும் பேசவில்லை.

அது நடந்தது ஒரு வேலை நாளில். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மதியச் சோறு சாப்பிட உட்காரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து டீச்சரிடம் தனியாகப் பேசினார். டீச்சர் என்னைப் பார்த்த விதத்தில், தம்பிதான் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவனுக்காக அழுதுகொண்டு வந்தேன். வீட்டு முன்னால் கூட்டம். வாசலில் எங்கள் அண்டாக்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் நசுங்கி, சேறு அப்பி, ஒன்றுக்குள் பாதி மழைத்தண்ணீரோடு. அதைப் பார்த்த பிறகுதான் தம்பி இல்லை என்று புரிந்தது.

வலையபட்டிக்குச் சாமான் கொண்டுபோகும் வழியில், ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கவிழ்ந்திருந்தது. மாமா அடியில் மாட்டிக்கொண்டார். அங்கேயே உயிர் போய்விட்டது. அத்தைக்கு இடது கை முறிந்திருந்தது. கட்டுப் போட்டு அவளைக் கூட்டிவந்தபோது யாரும் அவளைத் தாங்கிப் பிடிக்கப் போகவில்லை. ஒரு பொம்பளை மட்டும் நகர்ந்து இடம் விட்டாள். அத்தை மாமாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழவில்லை. அதையும் பிற்பாடு குற்றமாகச் சொன்னார்கள்.

மாமாவின் அண்ணன், தம்பிகள் வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் உடன்பிறப்பைக் கொன்றுவிட்டாள், பொம்பளை கையில் வண்டி கொடுத்தது யார் என்று கேட்டார்கள். அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி, "என் தப்புதான். பொம்பளை கையில ஸ்டீயரிங்கைக் குடுத்தது என் தப்புதான்" என்று சொல்லி அழுதார். உடனே அவர்கள் கோபம் தணிந்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவரைத் தேற்றினார்கள். அந்த வயதில் எனக்குப் பெருமையாக இருந்தது. தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாரே என் அப்பா என்று நினைத்தேன். அந்தப் பேச்சில் யார் மேல் எது விழுந்தது என்று கணக்குப் பார்க்க எனக்குப் பாதி ஆயுள் வேண்டியிருந்தது.

காரியம் முடிந்ததும் அப்பா என்னைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனார். கிளம்பும்போது நான் அத்தையின் கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று சொல்வார்கள். எனக்கு அது நினைவில்லை. என் தட்டை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டதும், பஸ்ஸில் அது ஞாபகம் வந்து சொன்னபோது அப்பா வேறு வாங்கித் தருகிறேன் என்றதும்தான் நினைவிருக்கிறது. மயில் கழுத்துக் கரைத் திண்டு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கவிழ்ந்த வண்டியை யாரும் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால், அந்த மாதமே அப்பா அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதைப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

தம்பி பிழைத்தான். நல்லபடியாக இருக்கிறான், உங்களுக்குத் தெரியும். பாத்திரக் கடை நடந்தது. அத்தைக்கு அதில் பங்கு என்று யாரும் பேசவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாகச் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். வருசா வருசம் பொங்கலுக்கு அப்பா மட்டும் கரும்பும் பச்சரிசியும் சேலையும் எடுத்துக்கொண்டு கீழச்சிவல்பட்டிக்குப் போவார். எங்கள் யாரையும் கூட்டிப் போகமாட்டார். வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். என் அப்பா நல்ல மனுசர். இதைச் சொல்லும்போதும் அப்படித்தான் சொல்கிறேன். காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் செத்தபோது அத்தை வந்து தெருமுனையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்கும் பல வருசம் கழித்து, நாலைந்து வருசத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரர் தேங்காய் ஏற்றும் பிக்கப்புக்கு ஸ்டீயரிங் உதறுகிறது என்று அவரோடு பட்டறைக்குப் போனேன். ரயிலடிப் பக்கம் அதே இடம். மரம் இல்லை, ஷெட் போட்டிருந்தார்கள். மெக்கானிக் பாயின் மகன்தான் வேலை பார்த்தார். பாய் வயதாகி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் அடியில் படுத்து டேம்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பேச்சுவாக்கில், எங்கள் அத்தை வண்டிக்கும் நீங்கள் இப்படித்தான் புதுசு மாட்டிக் கொடுத்தீர்கள், அப்படியும் விதி விடவில்லை என்றேன். யார் மகள் என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார். வண்டியின் கோளாறு டேம்பரில் மட்டும் இல்லை. சக்கரம் திரும்புகிற இடத்தில் உள்ள கிங் பின் தேய்ந்து சக்கரமே ஆடிக்கொண்டிருந்தது. புது டேம்பர் அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். முன்பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டும், வண்டி பத்து நாள் நிற்கட்டும் என்று அன்றைக்கே அப்பாவிடம் சொன்னாராம். கார்த்திகை ஆர்டரெல்லாம் என்ன ஆவது, மார்கழியில் கல்யாணம் இல்லை, அப்போது பிரித்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

"தங்கச்சிகிட்டச் சொல்லிராதீக, பயந்துக்கிட்டு வண்டி எடுக்காதுன்னு சொன்னாக. நானும் சொல்லலை தாயி" என்றார். அவர் மகன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

மறுநாள் பஸ் ஏறிக் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்து, முறிந்த கை சற்றே வளைந்து இருந்தது. அவளிடம் இதைச் சொன்னால் அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிடும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்த்தா" என்றாள்.

மாமாவின் காரியம் முடிந்த மறுவாரமே மெக்கானிக் பாய் வந்து காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நான் கத்திவிட்டேன். இத்தனை வருசம், ஊர் பூராவும் உங்களைத்தானே சொன்னது என்றேன்.

அவள் காம்புகளை ஒதுக்கினாள். "எனக்குப் புருசனும் போயாச்சு. கூடப் பெறந்தவன்னு அண்ணன் ஒருத்தருதான். பொங்கலுக்குப் பொங்கல் இந்த வாசலுக்கு வருவாக. மொகத்தைப் பாக்க மாட்டாக, கரும்பை வச்சுட்டுத் திரும்பிருவாக. தெரியும்னு நான் ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்த வரத்தும் நின்னுருக்கும்த்தா."

முற்றத்துக் கோழி ஒன்று கீரைத் தட்டுக்கு வந்தது. அவள் கையை ஆட்டி விரட்டினாள். அப்போதுதான் அன்றைக்கு என்னதான் நடந்தது அத்தை என்று கேட்டேன்.

அவள் கை நின்றது.

"பாலத்துக்கு முன்னாடி ஒரு பள்ளம். தண்ணி நின்னதுல ஆழம் தெரியலை. எறங்கி ஏறுச்சு, அம்புட்டுத்தான், ஆட ஆரம்பிச்சிருச்சு. முன்னயெல்லாம் அப்படி ஆடுனதில்லை. நான் உசுரைக் குடுத்துப் பிடிச்சேன். உங்க மாமா அங்குட்டிருந்து எட்டி, என் கை மேலயே கையை வச்சுப் பிடிச்சாக. விடாதத்தா, விடாதத்தான்னாக. நாங்க ரெண்டு பேருந்தேன் பிடிச்சோம். நிக்கலை."

தன் இரண்டு கைகளையும் மடியில் திருப்பி வைத்து அவற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை ஏன் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படி நடந்துச்சுன்னு யாரும் என்னையக் கேக்கலையேத்தா" என்றாள்.